வெர்டெல் டைன்ஸின் ஓட்டைக் காசுகள்

வெர்டெல் டைன்ஸிடம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லிப் பயனில்லை. சொன்னால் கட்டாயம் செய்வாள். தெற்கு வர்ஜீனியாவில் எங்கள் கவுன்டி முழுக்க இது தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் காலம் தள்ள முடியாது என்று அவளே நியாயமும் சொல்லிக்கொள்வாள். பின் சீட்டுப் பையன்கள் வம்பு பண்ணினால் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். வண்டி கப்சிப். அறுபதைத் தாண்டியும் அவள் ஓய்வு பெறவில்லை. ஓய்வு பெறச் சொன்னார்கள், அதனால்தான்.

அவள் சேர்ப்பது பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகள். நாடு பிறந்த புதிதில், ஆட்கள் கையால் இழுத்துச் சுழற்றும் அச்சில் அடித்தவை. ஒரு பக்கம் சுதந்திர தேவியின் தலை, மறுபக்கம் கழுகு. இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் வெர்டெல் வாங்குவது ஓட்டை போட்ட காசுகளை மட்டும். யாரோ எப்போதோ ஆணி வைத்து அடித்தோ, துளைப்பானால் குடைந்தோ, கயிறு கோத்துக் கட்டிக்கொண்ட காசுகள். நாணயம் சேர்ப்பவர்களிடம் அப்படி ஒன்றைக் காட்டிப் பாருங்கள். சாப்பாட்டில் முடி கிடந்தது போல முகத்தைச் சுளிப்பார்கள்.

வெர்டெலின் அம்மா கணுக்காலில் வெள்ளைக் கயிற்றில் ஒரு பத்து சென்ட் காசு எப்போதும் கட்டியிருக்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். யாராவது வழியில் வைத்த செய்வினையை மிதித்துவிட்டால் காசு கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எங்கள் கறுப்புச் சனங்களின் நம்பிக்கை. அடிமைக் காலத்திலிருந்தே அப்படி. எஜமானின் கையில் சவுக்கு இருந்தது, சட்டம் இருந்தது. நம் ஆட்களுக்குக் கணுக்காலில் ஒரு துண்டு வெள்ளி. வெர்டெலுக்கு அந்த நம்பிக்கை உண்டா என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். இளம் வயதில் ஒரு ஞாயிற்றுச் சந்தையில், உருக்குவதற்காக வளைந்த கரண்டிகளையும் பழைய வெள்ளியையும் போட்டுவைத்திருந்த தட்டில், தலையில் ஓட்டை விழுந்த பழைய காசு ஒன்றைப் பார்த்தாள். கடைக்காரன், "அது செத்த காசு, அதைப் போய் எதுக்குப் பாக்குற?" என்றான். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. அன்றைக்கே வாங்கினாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் கவுன்டி நாணயக் கிளப் மாதம் ஒரு முறை தீயணைப்பு நிலையத்தின் மாடிக் கூடத்தில் கூடும். பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்கள், பெரும்பாலும் வழுக்கை. மேசையில் பச்சைக் கம்பளித் துணி விரித்திருக்கும். காசை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படவே கூடாது, மூச்சுக்கூட மெதுவாக விட வேண்டும். தலைவர் கார்லண்ட் விட்லோ, இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், எந்நேரமும் அரைக்கோட்டுப் பையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பார். கெட்டவர் இல்லை. வெர்டெலின் கணவர் இறந்தபோது ‘பூசணி பை’ என்ற இனிப்புப் பலகாரம் செய்து கொண்டுவந்த ஒரே கிளப் ஆள் அவர்தான். ஆனால் விதி என்றால் விதி. வருடாந்தரக் கண்காட்சிக்கான மஞ்சள் தாளில் முதல் வரியே, சேதமடைந்த காசுகள் அனுமதிக்கப்பட மாட்டா.

வெர்டெல் ஒவ்வொரு வருஷமும் தன் ஓட்டைக் காசுத் தட்டைக் கொண்டுபோவாள். விட்லோ ஒவ்வொரு வருஷமும் திருப்பி அனுப்புவார்.

"மிஸ் வெர்டெல், உங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா இது ஓட்டைங்க."

"கண்ணு தெரியுது கார்லண்ட். ஓட்டைன்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் கொண்டுவரீங்க?"

"நீங்க வேணாம்பீங்கன்னுதான்."

பிறகு அவள் சாப்பாட்டு மேசைக்குப் போய், பன்றித்தொடை இறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டிகளை வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பாள். கண்ணாடிப் பெட்டிகளில் மற்றவர்களுடைய காசுகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். சிரித்துக்கொண்டுதான் கொடுப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தங்கை அர்னெட்டாவிடம் வயிற்றெரிச்சலைக் கொட்டித் தீர்ப்பாள். அவளுக்கு அந்தப் பெட்டிக்குள் இடம் வேண்டும். அது பொய்யில்லை, மறைக்கவும் இல்லை.

ஒரு வருஷம் வேனில் தொடக்கத்தில் அதே ஞாயிற்றுச் சந்தையில், உடைந்த சங்கிலிகளுக்கு நடுவே, அழுக்கேறிய ஒரு வெள்ளிக் காசு கிடைத்தது. தேவியின் தலைக்கு நேர் மேலே ஓட்டை. பின்பக்கம் சின்னக் கழுகு, சுற்றிலும் இலை மாலை. எவ்வளவு மதிப்புள்ள காசு என்று எங்கேயும் எழுதவில்லை. வெர்டெல் உடனே அதை வாங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து அசிட்டோனில் ஊறப்போட்டதும் அழுக்குக் கரைந்து வருஷம் தெரிந்தது: 1796. அமெரிக்காவில் கால் டாலர் என்று ஒன்றை முதன்முதலாக அடித்த வருஷம். அதற்குப் பிறகு எட்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி அடித்தார்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்றை வாங்க வீட்டை விற்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அதைப் பச்சைத் துணியில் வைத்தபோது கூடமே மூச்சை நிறுத்திக்கொண்டது. விட்லோ கண்ணாடியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த காசு அது. அவருடைய ஆல்பத்தில் அந்த இடம் மட்டும் இன்னும் காலி.

"இந்தக் கவுன்டில இப்படி ஒண்ணு வந்ததே இல்ல," என்றார். "மிஸ் வெர்டெல், இதை முன் பெட்டில நடுவுல வைக்கணும். உங்க பேரைப் பெருசா எழுதி வைக்கணும்."

"விதி?"

"அதான் சொல்ல வரேன். ரிச்மண்ட் போற வழில ஆன்சில் ரக்கர்னு ஒருத்தன் இருக்கான். ஓட்டையை வெள்ளி வச்சு அடைச்சு, தலைமுடிக் கோடெல்லாம் செதுக்கிடுவான். அடைச்சதுன்னு அட்டைல நாமளே எழுதி வச்சிடலாம், ஏமாத்து வேலை ஒண்ணும் இல்ல. செலவு கிளப்போடது. அது சேதமான காசுன்னு அப்புறம் எவன் சொல்லுவான்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். வெர்டெலும் தலையாட்டினாள். அதை நான் எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். முன் பெட்டி, நடு இடம், தன் பெயர், விளக்கு. ஆசை யாரை விட்டது? அன்று இரவு அர்னெட்டா சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவளைச் சீண்டினாள்.

"ஏண்டி, ஓட்டைக் காசுக்காக ஊரோட சண்டை போட்டவ, கடைசில ஓட்டையை அடைக்கப் போறியா?"

"ஒண்ணே ஒண்ணுதானேடி. மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கப்போகுது."

"ஓஹோ. ஒண்ணே ஒண்ணு."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்புடு."

அர்னெட்டா வாயை மூடவில்லை. அவளும் வெர்டெலின் தங்கைதானே. ஆனால் அவள் சொன்னது எதுவும் வெர்டெல் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை காலை, பள்ளி லீவு, காசைச் சின்ன உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரக்கரின் பட்டறை அவர் வீட்டு கராஜில் இருந்தது. கடைசல் இயந்திரம், சிமிழ் விளக்கு, உளிகள், பல் மருத்துவர் வைத்திருப்பது போலக் குட்டிக் குட்டி ஊசிகள். மனிதர் நல்ல வேலைக்காரர், பேச்சும் மரியாதையாகத்தான் இருந்தது. காசை உருப்பெருக்கியின் அடியில் வைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளையும் பார்க்கச் சொன்னார்.

"ஓட்டையோட ஓரத்தைப் பாருங்க. மேல் பக்கம் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருக்கு தெரியுதா? வழவழன்னு இருக்கும்."

தெரிந்தது. ஓட்டை வட்டமாக இல்லை. காசின் விளிம்பைப் பார்த்த பக்கத்தில் ஒரு நெளிவு, தேய்ந்து, மழுங்கி, கிணற்றின் கல்லில் கயிறு இழுத்து இழுத்துப் பதிந்த தடம் போல இருந்தது. வெர்டெல் எத்தனையோ ஓட்டைக் காசுகள் வைத்திருந்தாள். இத்தனை ஆழமான தடத்தை அவள் பார்த்ததில்லை.

"இது எதனால ஆச்சு?" என்றாள்.

"கயிறுதான். கயித்துல மண்ணும் தூசியும் ஒட்டிக்கும். ஆளு நடக்க நடக்க அரம் மாதிரி அறுக்கும். ஆனா வெள்ளில இவ்வளவு பள்ளம் விழணும்னா லேசுப்பட்ட காலம் இல்ல. ஒரு ஆளு கட்டினதா இருக்காது. அம்மா, மக, பேத்தின்னு கைமாறியிருக்கும்."

"கழுத்துலயா, கால்லயா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கும் தெரியாது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரக்கர் ஒரு குட்டித் துளைப்பானை எடுத்து முனையைத் துடைத்தார்.

"அதை வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"முதல் வேலை இந்தப் பள்ளத்தை எடுக்கறதுதான். ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, ஓரத்தைச் சுத்தமா வட்டமாக்கணும். அப்பதான் புது வெள்ளி பிடிக்கும். பயப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை."

ஐந்து நிமிஷம். எத்தனை பேர் வாழ்ந்து நடந்து தேய்த்த தடம், ஐந்து நிமிஷத்தில் மேசையில் வெள்ளித் தூளாக விழும், ரக்கர் அதைத் தூரிகையால் தள்ளிவிடுவார். வெர்டெலுக்கு ரக்கர் மேல் கோபம் இல்லை, விட்லோ மேல்கூட அவ்வளவு இல்லை. உறையில் போட்டு இதைத் தானே கொண்டுவந்து கொடுத்தோமே என்றுதான் இருந்தது.

"குடுங்க," என்றாள்.

"என்னது?"

"என் காசைக் குடுங்க."

"இப்பதானே கார்லண்ட் ஃபோன் பண்ணிச் சொன்னாரு, எல்லாம் முடிவாயிடுச்சுன்னு. அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஓட்டை அவரோடது இல்லன்னு சொல்லுங்க."

வீடு போய்ச் சேருவதற்குள் விட்லோவின் ஃபோன் வந்து அர்னெட்டா இரண்டு முறை எடுத்திருந்தாள். மூன்றாம் முறை வெர்டெலே எடுத்தாள்.

"மிஸ் வெர்டெல், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அதை யாரு கட்டியிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எங்க மாட்டியிருந்தாங்கன்னாவது தெரியுமா? ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரன் கடிகாரச் சங்கிலில மாட்டினதாக்கூட இருக்கலாம்."

"இருக்கலாம். யாருன்னு தெரியாது. தெரியாதுங்கறதுக்காக அவங்க தடத்தை அழிச்சிடணுமா? எங்க ஆளுங்க பாதிப் பேரு யாருன்னே தெரியாமத்தான் மண்ணுக்குள்ள கெடக்கறாங்க, கார்லண்ட்."

"அப்ப காசு கண்காட்சிக்கு வராது," என்றார் விட்லோ. "என்னால விதியை மாத்த முடியாது."

"காசு வரும்," என்று சொல்லி வெர்டெல் ஃபோனை வைத்தாள்.

கண்காட்சி அன்று காலையில் அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலுறையைக் கழற்றிவிட்டு, வெள்ளைப் பருத்திக் கயிற்றைக் காசில் கோத்தாள். அர்னெட்டா காப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? விரல் பட்டாலே பாழாப்போயிடும்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்தறவ நீ. வேர்வை பட்டா என்ன ஆகும்?"

"கறுக்கும்."

"தெரிஞ்சேவா கட்டற?"

"அம்மாவோடது கறுக்கலையா? பேசாம முடிச்சுப் போடு. எனக்குக் குனிஞ்சா இடுப்புப் பிடிச்சுக்கும்."

அர்னெட்டா முணுமுணுத்துக்கொண்டே முழங்காலிட்டு முடிச்சுப் போட்டாள். இரட்டை முடிச்சு. போட்டதும் காசு கணுக்கால் எலும்புக்குக் கீழே சில்லென்று வந்து ஒட்டிக்கொண்டது. வெர்டெல் எழுந்து, நல்ல நீலப் பாவாடையைச் சரிசெய்துகொண்டு, ஓட்டைக் காசுத் தட்டையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கூடத்தில் அவள் சாப்பாட்டு மேசைப் பக்கம் போகவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து, நேரே முன் பெட்டியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். இன்னொன்றை எதிரில் போட்டு, அதன்மேல் காலை நீட்டிக்கொண்டாள். முன் பெட்டியில் நடு இடத்தில் வெறும் வெல்வெட்தான் இருந்தது. விட்லோ அவசர அவசரமாக வந்தார், அவள் காலைப் பார்த்தார், முகம் வெளிறிப்போய்விட்டது.

"கடவுளே! தோல்ல படுது! கழட்டுங்க, மிஸ் வெர்டெல், கழட்டுங்க!"

"கழட்ட மாட்டேன்."

"சேதமான காசைக் காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"நான் எங்க காட்சிக்கு வச்சிருக்கேன்? போட்டுக்கிட்டு வந்திருக்கேன். உங்க வீட்டம்மா காதுல தொங்கறதையும் தாளைப் பார்த்துத்தான் உள்ள விட்டீங்களா?"

பக்கத்தில் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். விட்லோவின் மனைவி எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். விட்லோ மஞ்சள் தாளைப் பிரித்துப் படித்தார். பெண்கள் காலில் என்ன கட்டலாம், கட்டக்கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

முதலில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு அந்தச் செய்தி கீழே வண்டி நிறுத்தும் இடம்வரை போனது. மதியத்துக்குள் வரிசை படிக்கட்டைத் தொட்டுவிட்டது. பெரிய பெரிய சேகரிப்பாளர்கள், காசின் முகத்தில் யாராவது தும்மினாலே சண்டைக்குப் போகிறவர்கள், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். கிளப் பக்கமே எட்டிப் பார்க்காத எங்கள் பெண்கள் சிலரும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள், ரொம்ப நேரம் நின்றாள்.

"எங்க பெரியம்மா கால்ல இருந்துச்சு. அவங்க செத்ததும் நகைக்கடைல போட்டு உருக்கிட்டோம்," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அது சும்மா பழைய காசுதானேன்னு நினைச்சோம்."

வெர்டெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன் பெட்டியைப் பார்க்க அன்றைக்கு யாரும் நிற்கவில்லை.

மாலை ஆகி வரிசை குறைந்தபோதுதான் விட்லோ திரும்ப வந்தார். நாள் முழுக்க வராமல் இருக்க முயற்சி செய்திருக்கிறார், முடியவில்லை. கைக்குட்டையைத் தரையில் விரித்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முழங்கால்களை ஒவ்வொன்றாக மடக்கி அவள் பாதத்தருகே மண்டியிட்டார். கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவள் தோலில் அவர் மூச்சுச் சூடாகப் பட்டது.

"இந்தப் பள்ளம்," என்றார் மெதுவாக. "இதையா ரக்கர் எடுக்கறேன்னான்?"

"முதல் வேலையே அதுதான்னாரு."

"எனக்குத் தெரியாது. கூடத்துல நான் பார்த்தப்ப வருஷத்தைத்தான் பார்த்தேன். ஓட்டையோட ஓரத்தைப் பார்க்கவே இல்ல." கண்ணாடியை இறக்கினார். "மிஸ் வெர்டெல், நடு இடம் காலியாத்தான் இருக்கு. கழட்டிக் குடுங்க. இப்படியே, ஓட்டையோட வைக்கறேன். விதியை நான் பார்த்துக்கறேன்."

இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை. வெர்டெல் வெல்வெட்டைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், விட்லோவின் அரைக்கோட்டில் தொங்கிய பெட்டிச் சாவியையும் பார்த்தாள். அன்றைக்குக் காலையில் கேட்டிருந்தால்கூட ஓடிப்போய்க் கொடுத்திருப்பாள்.

"இது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்," என்றாள். "உங்க பெட்டிக்கு வேணும்னா என் தட்டு வண்டில இருக்கு. மத்த ஓட்டைக் காசெல்லாம் அதுலதான். இந்த வருஷமே, இன்னிக்கே வைங்க. நடுவுல. ஒண்ணுகூட விடக் கூடாது."

"அதெல்லாம் சாதாரணக் காசுங்க, மிஸ் வெர்டெல். இது ஒண்ணு வேற..."

"வேற இல்ல. ஒண்ணுகூட விடக் கூடாது."

விட்லோ எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நாற்காலியைப் பிடித்தார், அது மடங்கப் பார்த்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லாருக்கும் திடீரென்று கூரையில் ஏதோ சுவாரசியமாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வெர்டெலை நோக்கிக் கையை நீட்டினார்.

வெர்டெல் அந்தக் கையைப் பார்த்தாள், ஆனால் பிடிக்கவில்லை.

"முதல்ல பதில் சொல்லுங்க, கார்லண்ட். அப்புறம் தூக்கி விடறேன்."

விட்லோ முன் பெட்டியின் காலி இடத்தைப் பார்த்தார்.

"எல்லாம்," என்றார். "ஒண்ணுகூட விடாம."

வெர்டெல் காலை இறக்கித் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் அவரைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பிறகு பெட்டிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தட்டை எடுத்துவர வண்டிக்கு நடந்தாள்.